மௌனம் காவலாகுமா?
இளைஞர் தூய்மையும் திருச்சபையின் வழிகாட்டலும்

யூபிலி காணும் பங்கு தன் கோயிலின் வயதை மட்டும் எண்ணினால் போதாது. தன் பிள்ளைகளுக்கு எதைக் கற்பித்தோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஞானோபதேச வகுப்பில் ஆறாம் கட்டளையை நாம் அனைவரும் மனப்பாடம் செய்தவர்களே. ஆனால் ‘மோக பாவம்’ என்றால் என்னவென்று கேட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் அதட்டலே பதிலாகக் கிடைத்தது. திருச்சபையே இப்படி வாய்மூடி இருக்கச் சொல்லியது என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

எச்சரிக்கையின் காலம்

1929 டிசம்பர் 31-ஆம் நாள் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் கிறிஸ்தவக் கல்வி பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். பாலியல் செய்திகளை நன்னெறியோடு சேர்க்காமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகப் பொதுவில் கற்பிப்பது ஆபத்து என்று அதில் எச்சரித்தார். அறிவு மட்டும் தூய்மையைக் காக்காது. மன உறுதியும் இறையருளும் வேண்டும் என்பது அவர் போதனை. எனினும் தேவை எழும்போது, அதற்குரிய பொறுப்புள்ளோர் தக்க நேரத்தில் தனிமையில் விளக்குவதை அவர் தடுக்கவில்லை. பல குடும்பங்கள் எச்சரிக்கையை நினைவில் வைத்தன. விளக்கும் கடமையை மறந்துவிட்டன.

அக்காலத்தில் இளம்பெண்களுக்கு எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டவர் புனித மரிய கொரற்றி. 1902 ஜூலையில், பதினோரு வயதில், தம்மைக் கெடுக்க முயன்ற அலெக்சாந்தரின் கத்திக்குத்துக்கு இரையாகி, அவனை மன்னித்து உயிர்விட்டார். 1950-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது தாய் அசுந்தாவும் உடனிருந்தார். இவ்வரலாறு பெண்பிள்ளைகளுக்கே பெரிதும் சொல்லப்பட்டது. ஆனால் இதில் இருபது வயது இளைஞன் ஒருவனும் இருக்கிறான் அல்லவா? சிறையில் மனந்திரும்பிய அவன், விடுதலைக்குப் பின் அசுந்தாவிடம் மன்னிப்புக் கேட்டு, கப்புச்சின் மடத்தில் ஊழியம் செய்து 1970-இல் இறந்தான். தன்னடக்கம் முதலில் யாருக்குக் கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை அவன் வாழ்வே காட்டுகிறது. கற்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

சங்கம் திறந்த வாசல்

1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில், பிள்ளைகள் வளர வளர ஆக்கமும் விவேகமும் உள்ள பாலியல் கல்வியைப் பெற வேண்டும் என்றது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், இக்கல்வி பெற்றோரின் அடிப்படை உரிமையும் கடமையும் ஆகும் என்று எழுதினார். பள்ளி அவர்களுக்குத் துணை நிற்கலாம். அவர்கள் இடத்தைப் பறித்துக்கொள்ளலாகாது. 1995-இல் குடும்பத்துக்கான திருப்பீட அவை, பெற்றோர் கனிவோடும் தெளிவோடும் உரிய காலத்திலும் பேச வேண்டும் என்று வழிகாட்டியது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ், இக்கல்வியை அன்புக்கான கல்வியின் பகுதியாகவே காண வேண்டும் என்றார்.

ஆகவே திருச்சபை கேட்பது வெறும் ‘வேண்டாம்’ அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருமணம் வரை விலகியிருக்கக் கற்பிக்கும் வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் 5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அவற்றுள் நான்கு திட்டங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான அறிக்கை, வகுப்பில் சேர்ந்தோரும் சேராதோரும் நடத்தையில் வேறுபடவில்லை என்றது. இதனால் கற்பு வீண் என்றாகிவிடாது. அன்பையும் திருமணத்தின் மேன்மையையும் வீட்டில் கண்டு வளராத பிள்ளைக்கு வகுப்பறைப் பாடம் மட்டும் போதாது என்றே நாம் கருதுகிறோம்.

நம் நாட்டின் பாடம்

1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் எச்.ஐ.வி. கிருமியை இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறிந்தனர். 2005-இல் பள்ளிகளுக்கென வளரிளம் பருவக் கல்வித் திட்டம் வந்தது. நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று கூறி, 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் அதைத் தடை செய்தன. அதே 2007-இல்தான் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வும் வெளிவந்தது. ஆய்வுக்குட்பட்ட 12,447 பிள்ளைகளுள் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தனர். அவர்களுள் சரிபாதிக்கு மேல் ஆண்பிள்ளைகள்! தீங்கு செய்தோருள் பாதிப்பேர் பிள்ளைக்கு அறிமுகமானவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை எவரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர்களிடம் சொற்களே இல்லை என்றால் எப்படிச் சொல்வார்கள்?

2012-இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பிறந்தது. திருச்சபையின் உள்ளேயும் இத்தீமை நுழைந்ததை மறைக்காமல், 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், குருக்களும் துறவியரும் இத்தகைய குற்றங்களை அறிந்தால் முறையிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றினார்.

அன்புப் பெற்றோரே! மகன் கேட்கும் கேள்விக்குத் தந்தை அமைதியாகப் பதில் கூறட்டும். மகள் பருவமடையும் முன்பே தாய் அவளுக்கு எடுத்துச் சொல்லட்டும். உடல் இறைவன் தந்த கொடை என்பதையும், தீய கை பட்டால் அது பிள்ளையின் பாவம் அன்று என்பதையும் இருபாலரும் அறியட்டும். இரவுச் செபம் முடிந்த பின் வீட்டில் பேச நேரமா இல்லை? நாசரேத்தூர்த் திருக்குடும்பம் நம் இல்லங்களுக்கு அந்தத் துணிவைப் பெற்றுத்தர மன்றாடுவோமாக.