அறுவடை நாளில்லாத மண்ணில் மூளும் தீ: மலையகக் காமன் தகனம்

சனவரி 13 இரவு பஞ்சாபில் லோஹ்ரி. கரும்பு வெட்டும் காலம் அது; கோதுமை வயலில் பச்சையாக நிற்கும். முற்றத்து நெருப்பில் எள்ளும் வெல்லமும் சோளப்பொரியும் இட்டு, அக்பர் காலத்து நாட்டுப்புற வீரன் துல்லா பட்டியைப் பாடியபடி வலம் வருவர். அவ்வாண்டு மணம் நடந்த வீட்டிலும் பிள்ளை பிறந்த வீட்டிலும் கொண்டாட்டம் இன்னும் பெரிது. அதே நாளையொட்டித் தமிழகத்தில் போகி வருகிறது. இரண்டும் விளைச்சலோடு பிணைந்த தீ. இலங்கை மலையகத்தின் நுவரெலியா, அட்டன் தேயிலைத் தோட்டங்களிலோ, பல லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒரே இரவில் கூட்டும் நெருப்பு மாசியில், காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டலில் மூள்கிறது. இதையும் வளமைச் சடங்கு என்ற வகையில் அடைத்துவிடும் போக்கு ஆய்வுலகில் உண்டு. அது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காமனை வழிபடுவது பழைய வழக்கம். சிலப்பதிகாரம் புகாரில் காமவேள் கோட்டத்தைச் சொல்கிறது. சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரித்த புராணத்துக்கு உரிய தலமாக மயிலாடுதுறைக்கு அருகே திருக்குறுக்கை நிற்கிறது. தமிழக ஊர்களிலிருந்து 1820களில் தொடங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களோடு இக்கதையும் கடல் கடந்தது. கோப்பிக்கு அறுவடைப் பருவம் இருந்தது. பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஆண்டு முழுதும் கொழுந்து தரும் செடிக்கு ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயத்தில் நிலைத்தன. ஆண்டுதோறும் ஒரே பொட்டலில் காமன் கம்பம் ஊன்ற வழிசெய்தது இந்த நிலைத்தலே என்று கருதுகிறேன்.

தேயிலைக்கு அறுவடை நாள் கிடையாது. களஞ்சியம் நிறையும் நாளும் கிடையாது. நிறைந்தாலும் அது தொழிலாளியுடையதல்ல. மேற்கு மலைச் சரிவுகளில் சனவரி முதல் மார்ச் வரை வறட்சி. நுவரெலியாவில் விடியலில் உறைபனி செடியைக் கருக்கும். அப்போதைய தேயிலை தரத்தில் உயர்ந்தது, ஆனால் கொழுந்து குறைவு. கொழுந்து பெருகும் மாதங்கள் ஏப்ரலும் மேயும். நாட்சம்பளத்துக்கு மேல் கிலோக் கணக்கில் சேரும் காசு மாசியில் சுருங்கும். லோஹ்ரி நிறைவில் மூளும் தீ என்றால், காமன் தகனம் குறைவில் மூளும் தீ. வளமையை வேண்டும் சடங்கு என்பதால்தான் அது குறைவில் வருகிறது என்று ஒருவர் மறுக்கலாம். தொடக்கத்தில் அப்படியே இருந்திருக்கும். ஆனால் கூத்தின் நிகழ்வைப் பார்த்தால், அதன் பாரம் வேறிடத்தில் இருக்கிறது.

மாசி அமாவாசையை அடுத்த வளர்பிறையில் வைக்கோலும் வரட்டியும் கட்டிய கம்பம் ஊன்றப்படும். அதன்பின் இரவுதோறும் தப்பொலி. ரதிக்கும் மதனாகிய காமனுக்கும் திருமணம் நடக்கும். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று தோட்டமே இரு பக்கமாகும். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மதனை ரதி தடுப்பாள். வீரபத்திரன் ஆடி வருவான். தகனத்துக்குப் பிறகு ரதியின் புலம்பல் நெடுநேரம் நீளும். என் மதிப்பீட்டில் கூத்தின் உயிர் இதுவே. புதிதாக மணந்தவன், தன்னைவிடப் பெரியவர் ஏவலால் போய், திரும்பாமல் போகிறான். உடைமை ஏதுமற்ற பெண் நியாயம் கேட்கிறாள். தோட்டங்களுக்கு நடந்து வந்த மன்னார்–மாத்தளைக் காட்டுவழியில் உறவுகளைச் சாகக் கொடுத்து வந்தவர்களின் வாரிசுகளுக்கு இது புராணம் மட்டுமாக இருந்திருக்க முடியாது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, ஒரே லயத்தின் உறவுகள் இரு நாட்டுக்காயின.

ரதியாக ஆடுபவர் மரபுப்படி ஆண். கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோரான பெண்கள் சுற்றி நின்று கேட்கிறார்கள். சாவு வீட்டு ஒப்பாரி அவர்கள் கைவசமுள்ள கலை. அதை ஆணின் குரல் பொதுவெளிக்குக் கொண்டுவருகிறது. ஊதியம், பிரஜாவுரிமை, வீடு பற்றிய மலையக ஆய்வுகள் நிறைய உண்டு. இந்தப் பெண் பார்வையாளர்கள் என்ன கேட்கிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்பதையும் அதே அக்கறையோடு பதிய வேண்டும். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் திரட்டி 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கியது அதற்குப் போட்ட அடித்தளம்.

தகனத்தை அடுத்து மதன் உயிர்ப்பிக்கப்படுகிறான். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே அவன் தெரிவான் என்பது கதை. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் சடங்கு இவ்வளவு நிபந்தனையோடு முடிவதில்லை.