நெப்ராஸ்கா சட்டமன்றக் குழுக்களின் கருத்துக்கேட்பு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், சட்டமாக்கக் கோரி முன்வைக்கப்படும் மசோதாக்களைச் சட்டமன்ற நிலைக்குழுக்கள் பொதுமக்கள் முன்னிலையில் எடுத்துவைத்து, ஆதரிப்போர், எதிர்ப்போர் இரு சாராரின் வாய்மொழியையும் கேட்டுப் பதிவு செய்யும் நடைமுறை இது. தலைநகர் லிங்கனில் ஆண்டுதோறும் கூட்டத்தொடரின் முதல் பாதியில், பெரும்பாலும் பிற்பகலில் நடக்கிறது. வெறும் தொழில்நுட்பத் திருத்தங்களாக அமையும் சில மசோதாக்கள் நீங்கலாக, எல்லா மசோதாக்களுக்கும் இது கட்டாயம்.

கட்டாயம் என்பதே இதன் தனிச்சிறப்பு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் குழுத்தலைவர் விரும்பாத மசோதா பட்டியலிலேயே ஏறாது. யாரும் ஒரு சொல் பேசாமலே கூட்டத்தொடர் முடியும்போது அது காலாவதியாகிவிடும். கொலராடோ மக்கள் 1988இல் வாக்கெடுப்பின் மூலம் இந்த வழியை அடைத்தார்கள். 400 உறுப்பினர் கொண்ட பேரவையுள்ள நியூ ஹாம்ப்ஷயரிலும் எல்லா மசோதாக்களுக்கும் கருத்துக்கேட்பு உண்டு. ஆனால் அங்கெல்லாம் ஒரு மசோதாவைச் சோதிக்க இரண்டாவது அவை ஒன்று இருக்கிறது. நெப்ராஸ்காவில் அது கிடையாது. அந்த வேலையைக் குழு அறைக்கு வரும் மக்களே செய்ய வேண்டியிருக்கிறது.

வரலாறு

நெப்ராஸ்கா 1867இல் மாநிலமானபோது மற்ற மாநிலங்களைப் போலவே இரண்டு அவைகளை அமைத்துக்கொண்டது. ஆனால் ஒரே அவை கொண்ட சட்டமன்றம், அதாவது ஓரவை, அமெரிக்காவுக்கு அந்நியமானதல்ல. விடுதலைப் போரின் காலத்தில் பென்சில்வேனியா, ஜார்ஜியா, வெர்மான்ட் ஆகியவை ஓரவையோடுதான் தொடங்கின. ஜார்ஜியா 1789இலும் பென்சில்வேனியா 1790இலும் அதைக் கைவிட்டன. வெர்மான்ட் 1836 வரை தாக்குப்பிடித்தது. அதன் பிறகு ஒரு நூற்றாண்டு எந்த மாநிலமும் அந்தப் பக்கம் போகவில்லை.

மீண்டும் அதை எடுத்தவர் ஜார்ஜ் நாரிஸ். நெப்ராஸ்காவின் மக்குக் நகரத்துக்காரர். அமெரிக்க செனட்டில் நெடுங்காலம் இருந்தவர். குடியரசுக் கட்சிக்காரராயினும் கட்சிக் கட்டளைக்கு வளையாதவர். 1932இன் நாரிஸ்–லாகார்டியா தொழிலாளர் சட்டம், 1933இன் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், அதே ஆண்டு நிறைவேறிய அரசியலமைப்பின் இருபதாம் திருத்தம் ஆகியவற்றின் பின்னால் நின்றவர் அவரே. இவற்றின் அருகே தம் சொந்த மாநிலத்தில் அவர் செய்தது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இன்றுவரை வேறெந்த மாநிலமும் செய்யத் துணியாத காரியம் அது.

நாரிஸின் கோபமெல்லாம் ‘இணைப்புக் குழு’ எனத்தக்க ஓர் ஏற்பாட்டின் மீது இருந்தது. இரு அவைகளும் ஒரே மசோதாவை வேறுவேறு வடிவில் நிறைவேற்றினால், இரு பக்கத்திலிருந்தும் சிலர் கூடி ஒரு பொது வடிவத்தை எழுதுவார்கள். கதவு மூடியிருக்கும், யார் எப்படி வாக்களித்தார் என்ற குறிப்பு இராது. அவர்கள் எழுதித் தந்ததை இரு அவைகளும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே சொல்ல முடியும். ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. ஊருக்கு முன் ஒரு மசோதாவை ஆதரித்த உறுப்பினர், அந்த அறைக்குள் அதன் கழுத்தை நெரித்துவிட்டு, பழியை மற்ற அவையின் மீது போட்டுவிடலாம். இரட்டை அவை காவல் அல்ல, ஒளிவிடம் என்பதே நாரிஸின் வாதம். எல்லாரும் ஒரே வகுப்புக் குடிமக்களாக இருக்கும் நாட்டில், பிரபுக்களுக்கு ஓர் அவை, சாமானியருக்கு ஓர் அவை என்ற இங்கிலாந்து ஏற்பாட்டுக்குப் பொருளில்லை என்றும் அவர் சொன்னார்.

இரு கட்சித் தலைமைகளும் செல்வாக்குள்ள நாளிதழ்களும் ஓரவை யோசனையை எதிர்த்தன. 1934இல் நாரிஸ் தம் காரிலேயே மாநிலமெங்கும் சுற்றிப் பேசினார். அந்தப் பயணத்தில் இரண்டு செட் டயர்கள் தேய்ந்துபோயின என்று இன்றும் லிங்கனில் சொல்வார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அரசியல் பேராசிரியர் ஜான் சென்னிங் அறிவுத்துணை தந்தார். நவம்பர் 6இல் நடந்த வாக்கெடுப்பில் ஓரவையைக் கொண்டுவரும் மாநில அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஆதரவாக 2,86,086 பேரும் எதிராக 1,93,152 பேரும் வாக்களித்தனர். மதுவிலக்கை நீக்குவது, குதிரைப் பந்தயப் பணயத்தை அனுமதிப்பது என்ற இரண்டும் அதே வாக்குச்சீட்டில் இருந்தன, மூன்றும் வென்றன. மதுவுக்கும் பந்தயத்துக்கும் வாக்களிக்க வந்த கூட்டம் போகிற போக்கில் ஓரவைக்கும் ஒரு குறி போட்டுவிட்டது என்று கூறுவோர் உண்டு. பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்த உழவர்களுக்குச் செலவு குறையும் என்ற நம்பிக்கையே பெரிதாக இருந்தது என்பது பொருத்தமான விளக்கம்.

நம்பிக்கை பொய்க்கவில்லை. 1935இல் கூடிய கடைசி இரட்டை அவையில் 133 உறுப்பினர், 110 நாள், 192 மசோதாக்கள் நிறைவேறின, செலவு 2,02,593 டாலர். 1937 ஜனவரியில் கூடிய முதல் ஓரவையில் 43 உறுப்பினர், 98 நாள், 214 மசோதாக்கள், செலவு 1,03,445 டாலர். குழுக்களின் எண்ணிக்கை 61இலிருந்து 18ஆகக் குறைந்தது. இரட்டை அவைக் காலத்தில் பெயருக்கு மட்டும் இருந்த குழுக்கள் ஒழிந்தன. ஒரே உறுப்பினர் பல குழுக்களில் அமர்ந்து எதிலும் முழுதாக இராத வழக்கமும் குறைந்தது. கட்சிச் சின்னமில்லாத தேர்தலும் இதே திருத்தத்தின் பகுதி. அதனால் இன்றும் குழுத்தலைவர்களை அவை முழுவதும் இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. சிறுபான்மைக் கட்சியைச் சேர்ந்தவரும் தலைவராக முடிந்திருக்கிறது.

நடைமுறை

மசோதாக்களைக் கூட்டத்தொடரின் முதல் பத்து அமர்வு நாள்களுக்குள் முன்வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ‘எல்.பி.’ என்ற எழுத்துகளோடு எண் பெறும். ஒன்பது உறுப்பினர் கொண்ட நிர்வாக வாரியமே குறிப்பீட்டுக் குழுவாக அமர்ந்து, பொருளுக்கேற்ற நிலைக்குழுவுக்கு அதை அனுப்பும். மது, சூதாட்டம் பற்றியவை பொது விவகாரக் குழுவுக்குப் போகும். தண்டனைச் சட்டம் நீதித்துறைக் குழுவுக்கு. வரி வருவாய்க் குழுவுக்கு. கருத்துக்கேட்பு நாளை ஏழு நாள்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். மசோதாவின் நோக்கத்தைச் சொல்லும் ஒரு குறிப்பை அதைக் கொண்டுவந்தவர் எழுதித் தருகிறார். அரசுக்கு என்ன செலவாகும் என்ற நிதிக்குறிப்பைச் சட்டமன்ற நிதி அலுவலகம் தயாரிக்கிறது.

அன்றைய பிற்பகலில் முதலில் பேசுபவர் மசோதாவைக் கொண்டுவந்த செனட்டர் (ஓரவை உறுப்பினர்களைச் செனட்டர் என்றே அழைக்கிறார்கள்). அடுத்து ஆதரிப்போர், பிறகு எதிர்ப்போர், அதன் பின் எப்பக்கமும் சாராதோர். கடைசியில் செனட்டரே மறுமொழி கூறி முடித்துவைப்பார். சாட்சி சொல்ல வருபவர் ஒரு தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டு மேசைக்கு முன் அமர்ந்து, தம் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லித் தொடங்க வேண்டும். எழுத்துப்பதிவு செய்வோருக்காக இந்த ஏற்பாடு. நேரத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் அளக்கும். மூன்று நிமிடம் வழக்கம், கூட்டத்தைப் பொறுத்துத் தலைவர் மாற்றலாம். கைதட்டக் கூடாது. உறுப்பினர்கள் சாட்சியிடம் கேள்வி கேட்கலாம், சாட்சி உறுப்பினரைக் கேட்க முடியாது. அரசுத்துறைச் செயலரும் கூலிக்கு வந்த பரப்புரையாளரும் கால்நடை வளர்ப்பவரும் பள்ளி மாணவியும் ஒரே நாற்காலியில், ஒரே விளக்கின் கீழ்தான் பேசுகிறார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சில செனட்டர்கள் எழுந்து போய்விடுவதைப் பார்த்து முதன்முறை வருபவர்கள் மனம் கசந்து போவதுண்டு. அவர்களுடைய சொந்த மசோதா அதே நேரத்தில் வேறோர் அறையில் எடுக்கப்படுவதே பெரும்பாலும் காரணம். இன்று மொத்தம் 49 பேரே எல்லாக் குழுக்களையும் நடத்த வேண்டிய அவையில் இதைத் தவிர்க்க வழியில்லை. உண்மையான குறை தொலைவுதான். மேற்கு எல்லைக்கு அருகிலுள்ள ஸ்காட்ஸ்பிளஃப் நகரத்திலிருந்து லிங்கனுக்கு ஏறத்தாழ 640 கிலோமீட்டர். பனிக்காலத்தில் மூன்று நிமிடப் பேச்சுக்காக அவ்வளவு தூரம் வருபவர் குறைவு.

முடிவு

கேட்டு முடித்த பின் குழு தனி அமர்வில் கூடும். அந்த அறைக்குள் பொதுமக்களுக்கு இடமில்லை, செய்தியாளர்களுக்கு உண்டு. இது வேறு மாநிலங்களில் அரிதாகக் காணும் ஏற்பாடு. நாரிஸ் வெறுத்த மூடிய கதவுக்கு நேர்மாறானது. குழு மசோதாவை அப்படியே அல்லது திருத்தத்தோடு அவைக்கு அனுப்பலாம்; காலவரையின்றி ஒத்திவைக்கலாம்; ஒன்றுமே செய்யாமல் வைத்திருக்கவும் செய்யலாம். கேட்பதுதான் கட்டாயம், முடிவெடுப்பது கட்டாயமில்லை. எனினும் இருபது அமர்வு நாள்களுக்குப் பிறகு 25 உறுப்பினர்கள் வாக்களித்தால், குழுவின் கையிலிருந்து மசோதாவை அவைக்கு இழுத்துக்கொள்ளலாம். அவைக்கு வந்தாலும் எல்லாம் எடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு செனட்டரும் ஒன்றையும், ஒவ்வொரு குழுவும் இரண்டையும், சபாநாயகர் 25ஐயும் முன்னுரிமை மசோதாக்களாகக் குறிக்கிறார்கள். மற்றவை பெரும்பாலும் வரிசையில் நின்றே காலம் கடத்தும்.

கருத்துக்கேட்பைச் சுற்றிப் போகும் வழிகளும் உண்டு. 2023இல் கருக்கலைப்பு மசோதா ஒன்று, விவாதத்தை முடித்துவைக்கத் தேவையான 33 வாக்குகளில் ஒன்று குறைந்து வீழ்ந்தது. பின்னர் பன்னிரண்டு வாரத் தடை என்ற வேறு வடிவில், இளையோருக்கான பாலின மாற்றச் சிகிச்சை குறித்த எல்.பி. 574உடன் அது திருத்தமாகச் சேர்க்கப்பட்டது. புதிய வடிவத்தை மக்கள் முன் வைக்கவில்லை என்று எதிர்த்தோர் கூறினர். இரு பொருள்களுமே முன்பு தனித்தனியாகக் கேட்கப்பட்டவை என்பதால் விதி மீறப்பட்டதாகக் கொள்ள இயலாது. இரு பொருள்களை ஒரே சட்டத்தில் இணைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று தொடுக்கப்பட்ட வழக்கையும் மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் ஏற்கவில்லை.

இன்று 14 நிலைக்குழுக்கள் இயங்குகின்றன. நேரில் வர முடியாதோர் அண்மை ஆண்டுகளில் இணையவழியாகவும் கருத்தைப் பதியலாம். அமர்வுகளை மாநிலப் பொது ஒளிபரப்பு நிறுவனம் நேரலையாகக் காட்டுகிறது.