காசாவில் நண்பர் தொண்டுக் கழகம்: ஈகையும் தோழமையும்

போர்க்காலத்து அறப்பணியைப் பற்றி எழுதப் புகுவார் பெரும்பாலும் வழங்கப்பெற்ற பொருளின் அளவையே கணக்கிட்டு அமைவர். எத்துணை மூட்டை மாவு, எத்துணைக் கூடாரம் என்னும் கணக்கு வேண்டுவதே. எனினும், கொடுத்தவர் பெற்றவரோடு எவ்வகை உறவு பூண்டனர் என்னும் வினா அக்கணக்கினுள் அடங்குவதன்று. பசித்தார்க்கு உணவிடுதல் ஒன்று. அவர் பசிக்குக் காரணம் யாது என்பதை அவர் பக்கம் நின்று உலகிற்கு உரைத்தல் மற்றொன்று. முன்னதை ஈகை என்றும் பின்னதைத் தோழமை என்றும் ஈண்டு வழங்குவோம். இவ்விரண்டும் ஓர் அமைப்பினுள் எங்ஙனம் இயைந்தன, எங்ஙனம் முரணின என்பதற்கு, 1948 முதல் 1950 வரை காசாவில் அமெரிக்க நண்பர் தொண்டுக் கழகம் ஆற்றிய பணி தக்க சான்றாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குவேக்கர் எனப்படும் நண்பர் சமயத்தார் போரை அறவே மறுக்கும் கொள்கையர். முதல் உலகப் போரில் படைக்கலம் ஏந்த மறுத்த இளைஞர்க்கு மாற்றுத் தொண்டு அமைத்துத் தருதற்பொருட்டு 1917-இல் அமெரிக்க நாட்டில் இக்கழகம் தோன்றிற்று. இருபெரும் போர்களிலும் நட்பு, பகை என்னும் வேறுபாடின்றித் துயர் துடைத்தமைக்காக, 1947-ஆம் ஆண்டின் அமைதிக்குரிய நோபெல் பரிசு இக்கழகத்திற்கும் இலண்டனில் இருந்த நண்பர் தொண்டு மன்றத்திற்கும் சேர்த்து வழங்கப்பெற்றது. பாலத்தீனம் இவர்க்குப் புதிய நிலமன்று. ரமல்லாவில் பெண்மக்கட்கெனக் குவேக்கர் நிறுவிய பள்ளி 1869-இலேயே தொடங்கிவிட்டது.

1948-ஆம் ஆண்டுப் போரில் ஏழு இலட்சத்திற்கு மேற்பட்ட பாலத்தீன மக்கள் ஊரும் வீடும் இழந்தனர். அவருள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர், 80,000 மக்களே முன்னர் வாழ்ந்த காசா என்னும் சிறு நிலப்பகுதியில் வந்து ஒடுங்கினர். அவ்வாண்டு நவம்பர் 19-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை துயர்துடைப்புத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. 5,00,000 பேர்க்கு ஒன்பது திங்கள் உதவுதற்கு 2 கோடியே 95 இலட்சம் டாலர் வேண்டும் என்பது அதன் மதிப்பீடு. ஒன்பது திங்களில் இடர் தீரும் என்னும் நம்பிக்கை அம்மதிப்பீட்டில் உறைந்துள்ளது என்பது நோக்கத்தக்கது. பணி மூன்று அமைப்புகளிடம் பகிர்ந்தளிக்கப்பட்டது. செஞ்சிலுவைச் சார்பினவாகிய இரண்டு பிற பகுதிகளை ஏற்க, எகிப்தியர் ஆட்சியிலிருந்த காசா நண்பர் கழகத்தின் பொறுப்பாயிற்று.

கழகத்தார் மாவும் பிற உணவுப் பொருள்களும் பங்கிட்டனர், மருத்துவம் பார்த்தனர், அகதிகளுள் ஆசிரியராயிருந்தாரைக் கொண்டே கூடாரங்களிற் பள்ளி நடத்தினர். பிரித்தானியப் படையினர் விட்டுச்சென்ற பாசறையில் புரேஜ் முகாமும், அவர்தம் பழைய படைச்சிறையின் நிலத்தில் நுசைராத்து முகாமும் எழுந்தன. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிய செய்தியை மணிமேகலையிற் பயின்றார்க்கு அது நினைவில் எழுதல் இயல்பே. ஆயின், ஒப்புமை முற்றும் பொருந்தாது. காப்பியத்திற் சிறையிருந்தார் விடுதலை பெற்றனர். ஈண்டோ, குற்றமற்றார் வீடிழந்து சிறையிருந்த நிலத்திற் குடிபுகுந்தனர்.

பங்கீட்டில் நடுநிலை எளிதாக அமையவில்லை. அகதி எனப்படுவோன் யாவன் என்னும் வரையறையே முதல் இடர்ப்பாடு. போர்நிறுத்தக் கோட்டிற்கு அப்பால் தன் வயலை இழந்து, இப்பால் வீட்டை மட்டும் உடையனாய் நின்ற காசா உழவன் பட்டினி கிடந்தான். ஆயினும், வீடிழவாமையின் அகதிப் பட்டியலில் இடம் பெறானாயினான். பசி ஒன்றேயாக, உரிமை இரண்டாயிற்று. ஈகை எத்துணைத் தூயதாயினும் பட்டியலின்றி இயங்கவியலாது. பட்டியலோ யாரையேனும் புறத்தே நிறுத்தும். இவ்வுண்மையைக் கழகத்தார் நாள்தோறும் எதிர்கொண்டனர்.

இரண்டாம் இடர்ப்பாடு இதனினும் பெரிது. அகதிகள் முதலில் வேண்டியது மாவன்று, ஊர் திரும்புதலே. 1948 டிசம்பர் 11-ஆம் நாள் தீர்மானமும் அவ்வுரிமையைச் சுட்டிற்று. ஆயின், திங்கள் பல கழிந்தும் வழி பிறக்கவில்லை. உதவி நீள நீள, அஃது அகதிகளின் தன்மதிப்பைத் தேய்ப்பதோடு, அரசியல் தீர்வைத் தள்ளிப்போடுவார்க்குத் துணையாகவும் ஆகிவிடும் என்று கழகத்தார் அஞ்சினர். 1949-இல் அக்கருத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு அறிவித்து, பொறுப்பினின்று விலக விழைந்தனர். உணவு இடையறாவண்ணம் 1950 ஏப்பிரல் இறுதிவரை பணியைத் தொடர்ந்து, மே முதல் நாள் செயற்படத் தொடங்கிய ஐக்கிய நாடுகள் துயர்துடைப்பு நிறுவனத்திடம் அதனை ஒப்படைத்தனர்.

இவ்விலகல் கைவிடுதல் ஆகாதோ எனின், அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. முகாமில் இருந்தார்க்கு விலகிச் செல்லும் உரிமை இல்லை; தொண்டர்க்கு இருந்தது. கழகம் உரைத்த எச்சரிக்கையால் ஒரு குடும்பமேனும் ஊர் திரும்பியதாகக் கூறவியலாது. எனினும், அவ்வெச்சரிக்கை பிழையன்று என்பதைப் பின்வந்த வரலாறு காட்டிற்று. குறுகிய காலத்திற்கென நிறுவிய நிறுவனத்தின் ஆணைக்காலம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பெற்றது; கூடாரம் நின்ற இடத்தில் நெருங்கிய நகர்கள் எழுந்தன. ஆகலின், விலகலின் சிறப்பு அதன் பயனில் அன்று, அது மொழிந்த உண்மையிலேயே உள்ளது என்பது எம் துணிபு.

கழகத்தின் உறவு 1950-உடன் அறுந்துவிடவில்லை. 2023 அக்டோபரில் மூண்ட போரின்போது காசாவிலிருந்த அதன் ஊழியர் உதவிப்பணி ஆற்றினர். கழகம் போர்நிறுத்தம் வேண்டிக் குரல் எழுப்பிற்று. 2025 சனவரியில், காசா நிகழ்வை இனப்படுகொலை எனக் குறித்த தன் விளம்பரத்தில் அச்சொல்லை மாற்றுமாறு நியூயார்க்கு நாளிதழொன்று கூறியதாகவும், அதற்கு இசையாது விளம்பரத்தையே கைவிட்டதாகவும் அறிவித்தது. அச்சொல்லைப் பற்றிய வழக்கு ஈண்டு எம் பொருளன்று. உணவிடுவார் உண்மையென்று தாம் கருதியதை உரைத்தலும் தம் கடனெனக் கொண்டனர் என்பதே யாம் சுட்டக் கருதுவது.

பசித்தாரிடையே வேறுபாடு காணாமை நடுநிலை. பசியின் காரணத்தைக் கண்டும் வாய்வாளாமை நடுநிலையன்று. காசாவின் ஈராண்டுப் பணி இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிக்கின்றது. அறப்பணி வரலாற்றை ஆராய்வார் மாவு மூட்டைகளின் கணக்கோடு இச்சான்றுரைகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும்.