நாட்றாம்பாளையம் வட்டார வரலாறு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைச்சாலையில் உள்ள ஊர் நாட்றாம்பாளையம். காடும் காவிரியும் அருகிருக்க, கர்நாடகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் வட்டாரம் இது. இங்குள்ள மாநில எல்லை மிகப் புதியது. மனிதர் வாழ்ந்த தடமோ மிகப் பழையது.

இதே மாவட்டத்தின் கிழக்கே, பர்கூர் பக்கம் தொகரப்பள்ளியை ஒட்டிய மயிலாடும்பாறையில் தமிழகத் தொல்லியல் துறை 2021இல் அகழாய்வு நடத்தியது. அங்கு எடுத்த மாதிரிகளில் ஒன்றின் காலம் கி.மு. 2172 எனத் தெரிந்தது. அதை வைத்து, 4,200 ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் இரும்பு புழங்கியது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. சிந்துவெளி நகரங்களில் செம்பும் வெண்கலமும் புழங்கிய காலம் அது.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் மல்லச்சந்திரத்தில் பாறைக்குன்றின் மேல் கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லால் மூடி, ஒரு சுவரில் வட்டமாகத் துளையிட்டிருக்கிறார்கள். இறந்தவர்களுக்கு எழுப்பிய வீடுகள் இவை. கருங்கல் குவாரிகள் பெருகிவிட்ட மாவட்டத்தில் ஒவ்வொரு கல்லையும் காத்தாக வேண்டும்.

சங்க காலத்தில் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, அதியமான்கள் ஆண்டார்கள். பின்னர் பல அரசுகள் மாறி, இப்பகுதி ஹைதர் அலி, திப்பு சுல்தான் கைக்கு வந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகால் ஆங்கிலேயருக்குப் போனது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் சேர்ந்தது. பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்த முறையே, உழவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரிக்கு அடித்தளம். இவ்வாறு ஓசூர் சேலம் மாவட்டத்தோடு இணைந்து சென்னை மாகாணத்துக்குள் வந்ததற்குப் போரும் வரிவசூலும்தான் காரணம், மொழி அல்ல.

மாணவர்கள் தவறவிடக்கூடாத செய்தி ஒன்று உண்டு. ஒகேனக்கல்லில் நின்று ஆற்றைப் பார்த்தால் எதிர்க்கரை கர்நாடகம். ஆனால் 1956 நவம்பர் 1 வரை அந்தக் கரையும் சென்னை மாநிலம்தான். கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம். மொழிவாரிச் சீரமைப்பில் கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போனது, ஓசூர் இங்கேயே நின்றது. பரிசல் ஓட்டுகிறவருக்கு ஆறு அதே ஆறுதான். எதிர்க்கரை மட்டும் அன்றோடு வேறு மாநிலமாகிவிட்டது. ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம்: 'ஹொகே' புகை, 'கல்' பாறை.

1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டமும், 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரியும் பிரிந்தன. ஓசூரில் சிப்காட் வளாகம் எழுந்து, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் வந்தபின் மலைக்கிராமங்களின் பிள்ளைகள் வேலைக்கு அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

எல்லைக்கோட்டின் கனம் 2008இல் தெரிந்தது. நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்து பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காகத் தமிழகம் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. ஜப்பானியக் கடனுதவியோடு பணி நடந்து, 2013இல் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது.