ரெசிடென்ட் ஈவில் 1.5

ரெசிடென்ட் ஈவில் 2 என்ற திகில் வீடியோ கேமின் கைவிடப்பட்ட முதல் வடிவத்துக்கு ரசிகர்களிடையே நிலைத்துவிட்ட பெயர் இது. ஜப்பானின் கேப்காம் நிறுவனத்தில் ஹிடெகி காமியா இயக்க, ஷின்ஜி மிகாமி தயாரித்த இந்த பிளேஸ்டேஷன் விளையாட்டு, பாதிக்கு மேல் முடிந்த நிலையில் நிறுத்தப்பட்டது. கதையிலும் களத்திலும் சுவை போதவில்லை என்பதே காரணம். திரைக்கதைக்கு நொபொரு சுகிமுரா அழைத்துவரப்பட்டார். விளையாட்டு ஏறத்தாழ முதலிலிருந்தே மீண்டும் உருவாகி 1998 ஜனவரியில் வெளிவந்தது.

இரு வடிவங்களிலும் நாயகன் லியோன் கென்னடி உண்டு. பழையதில் அவனுக்கு இணையான நாயகி எல்சா வாக்கர், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஈடுபடும் கல்லூரி மாணவி. முதல் பாகத்தின் கதையோடு அவளுக்கு எந்த உறவும் இல்லை. அவளுக்குப் பதிலாக, முதல் பாக நாயகன் கிறிஸ் ரெட்ஃபீல்டின் தங்கை கிளேர் வந்ததும் இரண்டு பாகங்களும் ஒரே கதையாயின. மிகப் பெரிய மாற்றம் கதை நடக்கும் காவல் நிலையத்தில்தான். பழையது இன்றைய அலுவலகம்போல் வெறுமையானது. புதியது அருங்காட்சியகமாக இருந்த மாளிகை, உயர்ந்த கூடமும் சிலைகளும் கொண்டது. அச்சத்தில் பாதியை இந்தக் கட்டடமே உண்டாக்குகிறது.

ஆனால் இழப்பும் உண்டு. அடிபட்டால் நாயகர்களின் உடை கிழியும் பழைய ஏற்பாடு இறுதி வடிவில் இல்லை. கைவிடப்பட்ட வடிவத்தின் முடிவுறாத ஒரு பிரதி 2013-இல் இணையத்தில் வெளியானது. ரசிகர்கள் அதன் விடுபட்ட பகுதிகளை நிரப்ப முயன்றனர். ரெசிடென்ட் ஈவில் 2-இன் 2019 மறுஆக்கத்தில் எல்சாவின் உடை கிளேருக்கான கூடுதல் ஆடையாகத் தரப்பட்டது.