மாட்டுங்கா சொல்லும் பயத்தின் வரலாறு

தோலில் உணர்ச்சியற்ற தேமல் படர்ந்தாலும், உள்ளங்காலில் கரும்புள்ளி வளர்ந்தாலும், அது இன்னதென்று மருத்துவர் சொல்லும்வரை தூக்கம் வருவதில்லை. அதை நோயைப் பற்றிய பயம் என்றே எண்ணிக்கொள்கிறோம். மும்பையில் தொழுநோயின் வரலாற்றைப் படித்தால் அந்த எண்ணம் முழு உண்மையல்ல என்று தெரியும். முடிவு வந்த பின் ஊர் நம்மை என்ன செய்யும் என்ற பயமே அதில் பெரும்பங்கு. ஊர் உண்டாக்கிய அந்தப் பயத்தை ஊரால் குறைக்கவும் முடியும்.

பம்பாய் நகராட்சி ஆணையர் ஆக்வொர்த்தின் முயற்சியால் 1890இல் மாட்டுங்காவில் வீடற்ற தொழுநோயாளர்களுக்கான இல்லம் திறக்கப்பட்டது. வடாலாவில் இன்றும் அவர் பெயரில் இயங்கும் மாநகராட்சித் தொழுநோய் மருத்துவமனை அதன் தொடர்ச்சிதான். நோய்க்கிருமியை நார்வேயின் ஹான்சன் 1873இலேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் நீரடிமுத்து எண்ணெயைத் தவிரக் கொடுக்க மருந்தில்லை. 1890-91இல் இந்தியாவில் ஆய்வு செய்த தொழுநோய் ஆணைக்குழு, தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு, கட்டாயமாகப் பிரித்துவைக்கத் தேவையில்லை என்றது. இருந்தும் 1898இல் வந்த தொழுநோயாளர் சட்டம், நோயுள்ள ஏழையைப் பிடியாணை இல்லாமலே கைது செய்யக் காவலருக்கு அதிகாரம் தந்தது. அது நடைமுறைக்கு வந்த இடங்களில், நோயாளிகள் உணவுப் பண்டம் விற்பதையும் பொதுக் கிணற்றில் நீர் எடுப்பதையும் அரசு தடை செய்ய முடிந்தது. தேமலைக் காட்டினால் பிழைப்பும் வீடும் போய்விடும் என்ற நிலையில், அதை மறைத்தவரைக் கோழை என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் வலியே இல்லாத நோய் என்பதால் மறைப்பதும் எளிது. ஆனால் மறைத்த காலத்தில் நரம்புகள் கெட்டன, விரல்கள் மடங்கின. அந்தக் கோலத்தைப் பார்த்து ஊர் மேலும் பயந்தது.

மருந்து வந்ததும் பயம் தானாகப் போயிற்று என்று வாதிடலாம். காலக்கணக்கு அதற்கு இடம்தரவில்லை. தொழுநோய்க்கான டாப்சோன் மருந்து 1940களிலேயே வந்துவிட்டது, ஆனால் மறைப்பது நிற்கவில்லை. 1976இல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டம் வேறு வழியில் சென்றது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், தாராவி போன்ற குடிசைப் பகுதிகளுக்கே அதன் ஊழியர்கள் போனார்கள். நோயாளி தன் வீட்டிலேயே இருந்து, வேலைக்குப் போய்க்கொண்டே மருந்து சாப்பிடலாம் என்றானது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கிய சில நாட்களிலேயே தொற்று நின்றுவிடுகிறது. அப்படியிருந்தும் 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கும் வழி 2019இல்தான் அடைபட்டது. மருந்து உடலைக் காத்தது. வீட்டில் நோயாளிக்குள்ள இடத்தைக் காக்கச் சட்டமும் சுற்றமும் மாற வேண்டியிருந்தது.

பயம் இருந்தால்தானே மனிதர் மருத்துவரிடம் போவார் என்றும் கேட்கலாம். போகிற இடத்தில் உதவி கிடைக்கும் என்று தெரிந்தால் பயம் அங்கே கொண்டு சேர்க்கும். தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தால் ஒளிந்துகொள்ளவே செய்யும்.

தோல் புற்றுநோயோ என்று சதைத்துணுக்கைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கும் இது பொருந்தும். புற்றுநோய் தொற்றாது. ஆனாலும் கல்யாணம் தடைப்படுமோ, வேலை போகுமோ, வீட்டுக்குப் பாரமாவோமோ என்ற கேள்விகள் பழையவையே. தோல் புற்றுநோயில் பரவலான வகைகள் ஆரம்பத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையிலேயே குணமாகின்றன. ஆகவே துணுக்கை எடுக்கும்போதே, முடிவு எந்த நாள் வரும், யார் சொல்வார், புற்றுநோய் என்றாலும் இல்லை என்றாலும் அடுத்து என்ன என்பதை மருத்துவமனை சொல்லிவிட வேண்டும். எந்த முடிவு வந்தாலும் உன் இடம் உனக்குத்தான் என்று வீட்டார் அன்றே சொல்ல வேண்டும். தைரியமாக இரு என்ற அறிவுரையை விட இந்த இரண்டு உறுதிகளே காத்திருப்பவருக்கு உதவும்.