மேலூருக்கு முதலில் வந்த இணையம்

கிராமங்களுக்குக் கண்ணாடி இழை கேபிள் போடுகிற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மதுரை மாவட்டம் மேலூர் தாலுகாதான் நினைவுக்கு வரும். அங்கே பல சிற்றூர்களுக்கு 2001 கடைசியிலேயே இணையம் வரத் தொடங்கிவிட்டது. கேபிள் இல்லாமலே! சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் அது. கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் எட்டும். வேகம் 35 கிலோபிட். போனில் பேசாதிருந்தால் 70. என் பேரப்பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள்.

ஊர்க்காரர் ஒருவர் கணினி மையம் நடத்துவார். பிறப்பு, இறப்பு, வருமானச் சான்றிதழ்களுக்கு அங்கிருந்தே தாலுகா அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் மனுப் போடலாம். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அலைச்சல் எவ்வளவு குறைந்திருக்கும்! கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டதும் உண்டு.

பிறகு, ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். மனுச் சேவை நின்றுபோனது. வருமானம் போதாமல் பல மையங்கள் மூடப்பட்டன. கருவிப் பழுது போன்ற காரணங்களும் உண்டு, ஆனால் எனக்கு உறுத்துவது முதலாவதுதான்.

2011-ல் மத்திய அரசு சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகத் திட்டமிட்டது. இன்று அதன் பெயர் பாரத்நெட். எத்தனை கிலோமீட்டர் கேபிள் என்று கணக்குச் சொல்கிறார்கள். மனுவைப் பார்த்துப் பதில் போட மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்றுதான் நான் கேட்பேன்.